ஒஸ்லாவியாவின் செம்பொன் தேறல்

திராட்சை மது என்றவுடன் வெள்ளை, சிவப்பு என்னும் இருவகையே பலர்க்கும் நினைவுக்கு வரும். கருந்திராட்சையிலிருந்து சிவப்பு மதுவும் வெண்திராட்சையிலிருந்து வெள்ளை மதுவும் உண்டாகின்றன என்று கருதுவதும் இயல்பே. அக்கருத்துப் பாதி உண்மையாகும். மதுவுக்குரிய திராட்சை வகைகளுள் மிகப் பெரும்பாலானவற்றின் சதையும் சாறும் நிறமற்றவை. நிறம் தங்கியிருக்கும் இடம் தோலே. கருந்திராட்சையைப் பிழிந்தவுடன் தோலை நீக்கிச் சாற்றை மட்டும் நொதிக்க விட்டால் அதிலிருந்தும் வெள்ளை மதுவே கிடைக்கும். பிரெஞ்சு நாட்டின் ஷாம்பேன் பகுதியில் நெடுங்காலமாகவே இவ்வாறு செய்து வருகின்றனர்.

ஆகவே, மதுவின் வகையை முடிவு செய்வன இரண்டு வினாக்கள். பழத்தோலின் நிறம் யாது என்பது ஒன்று. சாறு அத்தோலோடு எத்துணைக் காலம் கிடந்தது என்பது மற்றொன்று. கருந்தோலோடு பல நாள் கிடந்தால் சிவப்பு மது. சில மணி நேரமே கிடந்தால் இளஞ்சிவப்பு மது. வெண்திராட்சையின் தோலை உடனே நீக்கிவிட்டால் வெள்ளை மது. இம்மூன்றும் உலகெங்கும் அறியப்பட்டவை. எஞ்சி நிற்பது நான்காவது வகை. வெண்திராட்சையின் சாறு தன் தோலோடும் விதையோடும் பல நாள், பல வாரம், சில இடங்களில் பல மாதம் கிடந்து நொதிக்குமானால், பொன்மையும் செம்மையும் கலந்த நிறமும், வெள்ளை மதுவில் காணப்படாத துவர்ப்பும் உடைய ஒரு மது உண்டாகிறது. இதனையே இக்காலத்தார் 'ஆரஞ்சு மது' என்கின்றனர்.

மது அருந்துவதன் நன்மை தீமை இக்கட்டுரையின் பொருள் அன்று. ஒரு சிற்றூரார் கைவிட்ட பழந்தொழிலை மீண்டும் எவ்வாறு கைக்கொண்டனர், அதற்குள் என்னென்ன மாற்றங்கள் நேர்ந்தன என்பதே ஈண்டு ஆராயப்படுவது. அச்சிற்றூர் இத்தாலியின் வடகிழக்குக் கோடியில் உள்ள ஒஸ்லாவியா.

பெயரும் பொருளும்

'ஆரஞ்சு' என்னும் சொல் இங்கு நிறத்தைக் குறிப்பதேயன்றிப் பழத்தைக் குறிப்பதன்று. இம்மதுவில் ஆரஞ்சுப் பழச்சாறு ஒரு துளியும் சேர்வதில்லை. 2004-ஆம் ஆண்டில் இப்பெயரை வழங்கத் தொடங்கியவர் டேவிட் ஹார்வி என்னும் பிரிட்டிஷ் மது வணிகர் ஆவார். வெள்ளை என்றும் சிவப்பு என்றும் சொல்ல இயலாத ஒரு பொருளுக்கு மூன்றாம் பெயர் ஒன்று வேண்டியிருந்தது. பெயர் விரைந்து பரவிற்று; எனினும் அதனால் பிறந்த மயக்கமும் சிறிதன்று. ஆதலால் ஆக்குவோருள் சிலர், மரப்பிசின் காலப்போக்கில் இறுகிக் கல்லானது போன்ற 'அம்பர்' என்னும் பொருளின் நிறத்தை ஒப்பிட்டு, 'அம்பர் மது' என்று அழைப்பதையே விரும்புகின்றனர். திராட்சைக்கும் மதுவுக்குமான அனைத்துலக அமைப்பு 2020-ஆம் ஆண்டில் இதனைத் 'தோலோடு ஊறிய வெள்ளை மது' எனத் தனி வகையாக வரையறுத்து, ஊறும் காலம் ஒரு மாதத்திற்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்று விதித்தது.

தமிழில் இதனைத் 'தேறல்' எனல் பொருந்தும். கள், நறவு, மட்டு, தோப்பி எனப் பல சொற்கள் பழந்தமிழில் உண்டு. அவற்றுள் தேறல் என்பது 'தேறு' என்னும் அடியிற் பிறந்தது. தெளிந்தது என்பது அதன் பொருள். யவனர் நல்ல கலங்களிற் கொண்டுவந்த மணமுள்ள தேறலைப் புறநானூற்றின் 56-ஆம் பாட்டில் நக்கீரர் குறிப்பிடுகின்றார். அப்பாட்டுக்குச் சான்று பகர்வதுபோல, 1945-ஆம் ஆண்டு புதுவைக்கு அருகில் அரிக்கமேட்டில் மார்ட்டிமர் வீலர் நடத்திய அகழ்வாராய்ச்சியில் மத்தியதரைக் கடற்பகுதியின் மதுச் சாடிகளின் ஓடுகள் கிடைத்தன. அதே புறநானூற்றின் 120-ஆம் பாட்டில், நிலத்திற் புதைத்து முதிரவைத்த தேறலைப் பற்றிக் கபிலர் கூறுகின்றார். அத்தேறல் திராட்சையில் ஆனதன்று. ஆயினும், கலத்தை மண்ணிற் புதைத்துக் காலத்தால் தெளியச் செய்யும் கருத்து இங்கும் இருந்தது என்பது நோக்கத்தக்கது. பின்னர் வரும் செய்திகளுக்கு இது துணை செய்யும்.

நிலமும் வரலாறும்

பிரியூலி வெனேசியா ஜூலியா என்பது இத்தாலியின் வடகிழக்கு மாநிலம். வடக்கே ஆல்ப்ஸ் மலையும் தெற்கே ஏட்ரியாட்டிக் கடலும் கிழக்கே ஸ்லோவேனியா நாடும் அதன் எல்லைகள். ஆல்ப்ஸ் மலை வடக்கிலிருந்து வரும் குளிரைத் தடுக்கிறது. கடல் வெம்மை தருகிறது. கிழக்கிலிருந்து வீசும் 'போரா' என்னும் வறண்ட காற்றுப் பழங்களில் ஈரம் தங்காமற் காக்கிறது. ஸ்லோவேனிய எல்லையை ஒட்டி வில்போல் வளைந்து கிடக்கும் குன்றுத் தொடருக்குக் கொல்லியோ என்று பெயர். அக்குன்றுகள் எல்லைக்கு அப்பாலும் தொடர்கின்றன. அங்கு அவற்றின் பெயர் பிர்தா. நிலம் ஒன்றே; பெயரும் ஆட்சியுமே வேறு.

அம்மண்ணை அவ்வூரார் 'பொங்கா' என்பர். பண்டைக் கடலடியில் படிந்த சுண்ணக் களிக்கல்லும் மணற்கல்லும் அடுக்கடுக்காக அமைந்தது அது. வெயிலும் மழையும் படப்பட உதிர்ந்து மண்ணாகும் இயல்புடையது. ஏனைய பயிர்க்கு ஏழை நிலமாயினும் திராட்சைக் கொடிக்கு ஏற்ற நிலம் அதுவே. இக்குன்றுகளின் கிழக்கு ஓரத்தில், இசோன்சோ ஆற்றின் வலக்கரையில், கொரீட்சியா நகருக்கு மேலாக அமைந்திருப்பதே ஒஸ்லாவியா.

இப்பகுதியின் மதுத்தொழில் மிகப் பழைமையானது. கி. மு. 181-இல் உரோமர் அக்குவிலேயா என்னும் நகரை இங்கு நிறுவினர். சுற்றுப்புற மக்கள் அந்நகருக்கு வந்து மரக்கலங்களில் மதுவை நிரப்பி வண்டியிலேற்றிச் சென்றதை ஸ்டிராபோ எழுதிவைத்துள்ளார். அகஸ்டஸ் பேரரசரின் மனைவி லிவியா, தம் நீண்ட ஆயுளுக்கு இக்கடற்கரையை ஒட்டிய புக்கினும் என்னும் இடத்து மதுவே காரணம் என்று சொல்லி வந்ததைப் பிளினி குறித்துள்ளார். கி. பி. 238-இல் பேரரசர் மக்சிமினஸ் அக்குவிலேயாவை முற்றுகையிட வந்தபோது, வெள்ளம் பெருகி ஓடிய ஆற்றைக் கடக்கப் பாலம் இல்லை. ஊரார் விட்டுச்சென்ற வெறும் மதுப் பீப்பாய்களைப் பிணைத்துப் பாலமாக்கிப் படை கடந்தது என்று ஹெரோடியன் கூறுகின்றார். ஒரு படை கடப்பதற்குப் போதுமான பீப்பாய்கள் வயல்வெளியில் கிடந்தன எனின், அக்காலத்து மதுத்தொழிலின் அளவை உய்த்துணரலாம்.

ரிபொல்லா என்னும் கொடி

இக்குன்றுகளுக்கே உரிய திராட்சை ரிபொல்லா ஜால்லா. 'ஜால்லா' என்பது மஞ்சள் எனப் பொருள்படும். ஸ்லோவேனிய மொழியில் இதற்கு ரெபுலா என்று பெயர். 13-ஆம் நூற்றாண்டு ஆவணங்களிலேயே இதன் பெயர் காணப்படுகிறது.

இக்கொடியின் இயல்பை அறிந்தாலன்றி ஆரஞ்சு மதுவின் காரணம் விளங்காது. ரிபொல்லாவின் சாறு புளிப்பு மிக்கது, மணம் குறைந்தது. தோலை நீக்கிச் சாற்றை மட்டும் நொதிக்கச் செய்தால் மெல்லிய, எளிய மதுவே கிடைக்கும். ஆனால் அதன் தோல் தடித்தது. மணமும் சுவையும் துவர்ப்பும் அத்தோலில் நிறைந்துள்ளன. தோலை நீக்குதல் இப்பழத்தைப் பொறுத்தவரை அதன் சிறப்பையே நீக்குதலாகும்.

முன்னோர் இதனை வேதியியல் கற்று அறிந்தாரல்லர், பழக்கத்தால் அறிந்தனர். அயலில் உள்ள விப்பாவா பள்ளத்தாக்கில் பாதிரியாராக இருந்த மத்தியா வெர்த்தோவெச் என்பார், 1844-ஆம் ஆண்டில் ஸ்லோவேனிய மொழியில் திராட்சைத் தொழில் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். வெண்திராட்சையையும் தோலோடு ஊறவைக்கும் வழக்கத்தை அந்நூல் எடுத்துரைக்கிறது. ஒரு நாள் முதல் 30 நாள் வரை ஊறவைப்பது உண்டு என்றும் அதனாற் கூறப்படுகிறது. ஆகவே, இம்முறை நேற்றுத் தோன்றிய புதுமை அன்று. உழவர் தம் தாய்மொழியில் கற்பதற்கென ஒரு பாதிரியார் எழுதிவைத்த தொழில்நூலே இன்று அதற்கு எழுத்துச் சான்றாக நிற்கிறது என்பது தமிழாசிரியர்கள் எண்ணிப் பார்த்தற்குரியது.

எனினும், பழைய மது யாவும் நல்ல மது அன்று. குளிரூட்டும் வசதி இல்லை. கலங்களைத் தூய்மையாக வைத்துக்கொள்ளும் அறிவும் எல்லார்க்கும் இல்லை. பல வீடுகளில் மது கோடைக்குள் புளித்துக் காடியாயிற்று. தோலோடு ஊறவைத்ததற்கு ஒரு காரணம் சுவை. மற்றொரு காரணம், தோலின் துவர்ப்பு மதுவைக் கெடாமற் காத்தது என்பதே.

போரும் எல்லைக்கோடும்

1918 வரை கொரீட்சியா ஆஸ்திரிய-ஹங்கேரியப் பேரரசைச் சேர்ந்திருந்தது. 19-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலேயே பிரெஞ்சுத் திராட்சை வகைகள் இக்குன்றுகளுக்கு வந்து சேர்ந்தன. 1915-ஆம் ஆண்டு மே மாதம் இத்தாலி போரில் இறங்கியது. அவ்வாண்டு ஜூன் முதல் 1917 நவம்பர் வரை இசோன்சோ ஆற்றங்கரையில் 12 பெரும்போர்கள் நடந்தன. ஒஸ்லாவியாக் குன்று அப்போர்களின் நடுவே அகப்பட்டது. வீடுகளும் கொடிகளும் அழிந்தன. 1938-இல் அங்கே எழுப்பப்பட்ட நினைவுக் கட்டடத்தில் ஏறத்தாழ 57,000 போர்வீரரின் எலும்புகள் வைக்கப்பட்டுள்ளன. இன்று அதனைச் சூழ்ந்து திராட்சைத் தோட்டங்கள் உள்ளன.

போருக்குப் பின் அப்பகுதி இத்தாலிக்கு உரியதாயிற்று. அங்கு வாழ்ந்த உழவருள் பலர் ஸ்லோவேனிய மொழி பேசுவோர். 1923-ஆம் ஆண்டுக் கல்விச் சட்டத்தின்கீழ் ஸ்லோவேனியப் பள்ளிக்கல்வி படிப்படியாக ஒழிக்கப்பட்டது. பின்னர் குடும்பப் பெயர்களும் இத்தாலிய வடிவுக்கு மாற்றப்பட்டன. மொழி வீட்டுக்குள் ஒடுங்கியது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் பள்ளிகள் மீண்டும் திறக்கப்பட்டன. இச்சிறுபான்மையினரின் மொழியுரிமையைக் காக்க இத்தாலி 2001-இல் தனிச்சட்டம் இயற்றியது.

1947-ஆம் ஆண்டுப் பாரிஸ் அமைதி உடன்படிக்கையால் புதிய எல்லை வகுக்கப்பட்டது. கொரீட்சியா நகரம் இத்தாலியில் நின்றது. அதன் சுற்றுப்புறத்திற் பெரும்பகுதி யூகோஸ்லாவியாவுக்குச் சென்றது. எல்லைக்கு அப்பால் இருந்தோர் 1948 முதல் நோவா கொரீட்சா என்னும் புதிய நகரைக் கட்டத் தொடங்கினர். ஒரே குடும்பத்தின் வீடு ஒரு நாட்டிலும் தோட்டம் மறு நாட்டிலும் அமைந்த நிலை ஏற்பட்டது. ஸ்லோவேனியா 2004-இல் ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்த பின்னரும், 2007 டிசம்பரிலேயே எல்லைச் சோதனை நீங்கியது. 2025-ஆம் ஆண்டுக்கு ஐரோப்பியப் பண்பாட்டுத் தலைநகராக இவ்விரு நகரங்களும் இணைந்தே விளங்கின.

இவ்வரலாறு மதுவுக்குப் புறம்பானதன்று. போரால் கொடிகள் அழிந்தபோது மறுநடவில் வேறு வகைகள் புகுந்தன. மொழி ஒடுங்கியபோது தொழிற்சொற்களும் வீட்டுக்குள் ஒடுங்கின. பழைய முறையைப் 'பாட்டன் காலத்து நாட்டுப்புற வழக்கம்' என்று இளையோர் கருதத் தொடங்கினர்.

தெளிவின் காலம்

1960-களில் பிரியூலியின் மதுத்தொழிலில் பெருமாற்றம் நேர்ந்தது. காப்ரீவா என்னும் ஊரைச் சேர்ந்த மரியோ ஸ்கியோபெத்தோ அதற்கு முன்னோடி. பழத்தை மென்மையாகப் பிழிதல், சாற்றைத் தோலிலிருந்து விரைந்து பிரித்தல், வெப்பத்தைக் கட்டுப்படுத்தி நொதிக்கச் செய்தல் ஆகிய முறைகளை அவர் கொணர்ந்தார். துருப்பிடிக்காத எஃகுத் தொட்டிகளும் வடிகட்டிகளும் பின்னர்ப் பரவின. நீரைப் போலத் தெளிந்த, மலர்மணம் வீசும் வெள்ளை மது பிறந்தது. 1968-இல் கொல்லியோ மதுவுக்குச் சட்டப்படியான ஊர்ப்பெயர் உரிமை கிடைத்தது. இக்குன்றுகளின் வெள்ளை மது உலகப் புகழ் பெற்றது.

இம்மாற்றத்தைக் குறை கூறுதல் நன்றியன்று. காடியாகும் மதுவால் நட்டமடைந்த உழவர்க்கு அது வாழ்வளித்தது. ஆயினும், எந்த முன்னேற்றத்திற்கும் ஒரு விலை உண்டு. ஒரே வகை எஃகுத் தொட்டி, ஒரே வகை ஈஸ்ட், ஒரே அளவு குளிர் ஆகியவை எங்கும் பரவின. கலிபோர்னியாவிலோ ஆஸ்திரேலியாவிலோ பிரியூலியிலோ செய்த மது ஒன்றுபோலவே சுவைக்கலாயிற்று. மணம் மிக்க அயல்நாட்டுத் திராட்சைகள் இம்முறைக்குப் பொருந்தின. தோலில் சிறப்பை வைத்திருந்த ரிபொல்லா பின்தள்ளப்பட்டது.

இருவர் திரும்பிய வழி

ஒஸ்லாவியாவைச் சேர்ந்த யோஷ்கோ கிராவ்னர் 1952-இல் பிறந்தவர். தொடக்கத்தில் எஃகுத் தொட்டிகளையும் பின்னர்ச் சிறிய பிரெஞ்சு ஓக் பீப்பாய்களையும் பயன்படுத்தி நாடெங்கும் புகழ் பெற்றார். 1987-இல் கலிபோர்னியாவுக்குச் சென்று அந்நாட்டு மதுக்களைச் சுவைத்தார். தாம் இதுவரை சென்றுகொண்டிருந்த வழி எங்குப் போய் முடியும் என்பதை அங்கே கண்டார் எனலாம். மனநிறைவின்றித் திரும்பினார்.

1996-இல் ஆலங்கட்டி மழை அவருடைய ரிபொல்லா விளைச்சலிற் பெரும்பகுதியை அழித்தது. எஞ்சிய சிறிதளவு பழத்தைத் தோலோடு நொதிக்க வைத்துச் சோதனை செய்தார். அதற்கு ஓராண்டு முன்னரே, 1995-இல், அதே ஊரைச் சேர்ந்த ஸ்தாங்கோ ராடிக்கோன் ரிபொல்லாவைத் தோலோடு ஊறவைக்கத் தொடங்கியிருந்தார். ரிபொல்லாவின் செழுமை தோலில் உள்ளது என்பதை உணர்ந்து, பாட்டன் காலத்து முறையை அவர் நினைவு கூர்ந்தார்.

ராடிக்கோன் ஊர்மரபை ஒட்டி மரத்தொட்டியையே கொண்டார். கிராவ்னரோ அதற்கும் முற்பட்ட காலத்தை நாடினார். 2000-ஆம் ஆண்டில் காக்கசஸ் மலைநாடாகிய ஜார்ஜியாவுக்குச் சென்றார். அங்கே 'குவெவ்ரி' என்னும் பெருந்தாழிகளைக் கழுத்தளவு மண்ணிற் புதைத்து, அவற்றில் திராட்சையைத் தோலோடு நொதிக்கச் செய்வர். சோவியத் ஆட்சிக் காலத்தில் மதுத்தொழில் ஆலைகளின் கைக்குச் சென்றபோதும், வீடுகளில் அம்முறை அழியாமல் இருந்தது. ஜார்ஜியாவில் அகழ்ந்தெடுத்த மட்கல ஓடுகளை ஆராய்ந்து, கி. மு. 6000-ஐ ஒட்டிய காலத்திலேயே அங்குத் திராட்சை மது செய்யப்பட்டது என 2017-இல் அறிஞர் வெளியிட்டனர். குவெவ்ரி முறையை யுனெஸ்கோ 2013-இல் மானிட குலத்தின் மரபுச் செல்வப் பட்டியலில் சேர்த்தது. கிராவ்னர் அத்தாழிகளை இத்தாலிக்குக் கொணர்ந்து நிலவறையிற் புதைத்தார். 2001-ஆம் ஆண்டு விளைச்சல் அவற்றில் நொதித்தது.

வரவேற்பு எளிதில் கிட்டவில்லை. முன்பு அவரைப் புகழ்ந்த மதுத்திறனாய்வாளருள் சிலரே இப்போது பழித்தனர். வாங்குவோர் பலர் விலகினர். கொல்லியோ வெள்ளை மது இன்ன நிறத்தது என்னும் கருத்தில் இச்செம்பொன் நிறம் அடங்கவில்லை. இதனால் இவ்விருவர் மதுவும் கொல்லியோ என்னும் ஊர்ப்பெயரைத் தாங்காமல், 'வெனேசியா ஜூலியா' என்னும் பரந்த வட்டாரப் பெயரோடு வெளிவந்தன. அம்மண்ணின் மிகப் பழைய கொடியிலிருந்து, அம்மண்ணின் பழைய முறையில் செய்த மதுவுக்கு அம்மண்ணின் பெயர் கிடைக்கவில்லை என்பது வியப்புக்குரியது. ராடிக்கோன் 2016-இல் மறைந்தார். அவர் மகன் தொழிலைத் தொடர்ந்தார். அதற்குள் ஒஸ்லாவியாவின் வேறு குடும்பங்களும் எல்லைக்கு அப்பால் பிர்தாவைச் சேர்ந்தோரும் இவ்வழியைப் பின்பற்றினர்.

செய்முறையும் அதன் காரணமும்

ரிபொல்லா இலையுதிர் காலத்தில் பிந்தி முதிரும் பழம். நன்கு முதிர்ந்தால்தான் தோலின் துவர்ப்பு மென்மையாகும். பறித்த பழத்தைக் காம்பு நீக்கித் தோலும் சாறும் விதையுமாகத் தாழியிலோ மரத்தொட்டியிலோ இடுவர். வெளியிலிருந்து ஈஸ்ட் சேர்ப்பதில்லை. தோட்டத்திலிருந்தும் நிலவறையிலிருந்தும் இயல்பாக வந்து சேரும் ஈஸ்ட் வகைகளே சர்க்கரையைச் சாராயமாகவும் கரியமில வாயுவாகவும் மாற்றுகின்றன. அவ்வாயு மேலெழும்போது தோல்களை உந்தி மேலே மிதக்கச் செய்யும். மிதக்கும் தோல் காற்றுப்பட்டு உலர்ந்தால் காடிக்குரிய நுண்ணுயிர் பெருகிவிடும். ஆதலால் நாள்தோறும் பல முறை கோலால் அழுத்தித் தோலைச் சாற்றில் அமிழ்த்துவர்.

நொதித்தல் முடிந்தபின் வாயு எழாது. தோல் தானே கீழே அமிழும். தாழியின் அடி கூரியதாகையால் விதையும் மண்டியும் முதலில் அடியில் தங்கும். புதைத்த தாழிக்குச் சுற்றியுள்ள மண்ணே வெப்பத்தைச் சமன் செய்கிறது. தாழியின் உட்புறம் தேன்மெழுகு பூசப்பட்டிருப்பதால் மது கசிவதில்லை.

தோலிலிருந்தும் விதையிலிருந்தும் டானின் என்னும் துவர்ப்பொருளும் அதனை ஒத்த பிற பொருள்களும் மதுவில் இறங்குகின்றன. அவற்றுட் பல ஆக்சிஜனோடு கூடும்போது மஞ்சள் நிறம் செம்பொன்னாக மாறுகிறது. அதே பொருள்களே ஆக்சிஜனைத் தாம் ஏற்றுக்கொண்டு மதுவின் ஏனைய கூறுகளைக் காக்கின்றன. ஆகவே, கெடாமற் காப்பதற்கு வழக்கமாகச் சேர்க்கும் கந்தக டை ஆக்சைடு இம்மதுவுக்குக் குறைவாகவே வேண்டும். ராடிக்கோன் அதனைச் சேர்ப்பதையே பின்னாளில் விட்டுவிட்டார். அயல்மொழிப் பாதிரியார் நூலிற் கண்ட பழைய வழக்கத்திற்கு வேதியியல் தரும் விளக்கம் இதுவே.

தோலினின்று பிரித்தபின்னும் மது உடனே விற்பனைக்கு வருவதில்லை. கிராவ்னர் அதனை மேலும் சில மாதம் தாழியில் வைத்து, பிறகு பெரிய ஓக் பீப்பாய்களில் ஆறு ஆண்டு முதிரவைப்பார். ராடிக்கோன் குடும்பத்தார் ரிபொல்லாவை ஏறத்தாழ மூன்று மாதம் தோலோடு வைத்து, பின் பல ஆண்டு பீப்பாயில் வைப்பர். இக்காலத்தில் மண்டி தானே படிகிறது. வடிகட்டுதல் வேண்டியதில்லை. இம்மதுவை மிகக் குளிரச்செய்தால் துவர்ப்பு மட்டுமே மேலோங்கும்; ஆதலால் நிலவறையின் மிதமான குளிரிலேயே பரிமாறுவர்.

குறையும் எல்லையும்

ஆரஞ்சு மது எல்லாம் சிறந்தது என்று கொள்ளுதல் கூடாது. புகழ் பரவியபின் பல நாடுகளில் பலர் இதனைச் செய்யத் தொடங்கினர். தோலோடு ஊறவைத்தால் எக்குறையும் மறையும் என்று எண்ணியோர் உண்டு. காடி நாற்றமும் பழுதான சுவையும் உடைய மதுவை 'இயற்கை' என்னும் பெயரால் விற்றோரும் உண்டு. எல்லாத் திராட்சையும் இம்முறைக்குப் பொருந்துவதில்லை; தோல் மெல்லிய வகைகள் கசப்பையே தரும். மேலும், ஆண்டுக்கணக்கில் மதுவை விற்காமல் வைத்திருத்தல் வேண்டியிருப்பதால் விலை உயர்கிறது. நாட்டுப்புற ஏழைகளின் அன்றாடப் பானமாக இருந்தது, இன்று செல்வரே வாங்கத்தக்க பொருளாயிற்று. இம்மாறுதலை மறைத்துப் பழமையை மட்டும் போற்றுதல் நேர்மையன்று.

கிராவ்னரும் ராடிக்கோனும் பாட்டன்மார் செய்ததை அப்படியே செய்தனர் என்பதும் சரியன்று. தூய்மையின் இன்றியமையாமையை அவர்கள் புதிய முறையிலிருந்தே கற்றனர். பழம் எப்போது முதிர்ந்தது, கலம் எவ்வளவு தூயது, காற்று எங்கே புகுகிறது என்பனவற்றைப் பாட்டன்மாரினும் நுணுக்கமாக நோக்கினர். புதுமையை முழுதும் கற்று, அதன் எல்லையைக் கண்டபின் திரும்பியவர்கள் அவர்கள். அத்திரும்புதல் அறியாமையால் நேர்ந்ததன்று, ஆய்ந்து தெரிந்துகொண்டது.

இருவகைத் தெளிவு

தேறல் என்னும் சொல்லின் பொருளை இங்கு மீண்டும் நோக்கலாம். தெளிவை மேன்மையாகக் கருதியது பழந்தமிழர் வழக்கும் ஆகும். அதில் குறை ஒன்றும் இல்லை. ஆயினும், தெளிவு இருவகையால் வரும். தோல், விதை, மண்டி ஆகியவற்றைத் தொடக்கத்திலேயே நீக்கித் தெளிவிப்பது ஒருவகை. அனைத்தையும் உடன்கொண்டு, அவற்றின் சாரத்தை ஏற்று, காலம் கடந்து தானே நின்று தெளிவது மற்றொரு வகை. முதலாவது விரைவானது, எங்கும் ஒரே தன்மையது. இரண்டாவது காலம் வேண்டுவது. தான் பிறந்த மண்ணையும் கொடியையும் மறவாதது.

ஒஸ்லாவியாவின் ரிபொல்லா இரண்டாம் வகைக்கே உரிய பழம். அதன் தோல் பயனற்றது என நீக்கப்பட்டபோது, அக்கொடியே பயனற்றதாகத் தோன்றிற்று. தோலைத் திருப்பிச் சேர்த்தபின், அதே கொடி அவ்வூருக்கு உலகப் பெயர் தேடித் தந்தது. பழத்தில் மாற்றம் ஏதும் இல்லை. அதனை நோக்கிய நோக்கே மாறிற்று. ஒரு பொருளின் இயல்பை அறியாமல், பிறவற்றிற்குப் பொருந்திய முறையை அதற்கும் வகுத்தால், குறை பொருளின்மேற் சுமத்தப்படும். இச்சிற்றூரின் மதுவரலாறு காட்டும் உண்மை இதுவேயாகும்.